வீடு கட்டும் முன்பே வெளிச்சத்தை அளக்கும் சாஃப்ட்வேர்: அந்தக் கணக்கோடு தஞ்சாவூர் வம்சாவளி விஞ்ஞானி சந்திரசேகருக்கு என்ன சம்பந்தம்?

தாராசுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் புது வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முன் அறையில் குழித்தறி. நெசவாளர் கால்களைக் குழிக்குள் விட்டு உட்காருவார். அவருடைய கை, பாவு நூல் எல்லாமே தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில்தான் இருக்கும். ஜன்னலை எங்கே வைப்பது? முற்றம் விடுவதா, வேண்டாமா? சுவருக்கு என்ன கலர் அடிப்பது? பட்டு இழை ஒன்று அறுந்தால் உடனே கண்ணில் படும் அளவுக்குப் பகல் வெளிச்சம் கிடைக்குமா, இல்லை காலை பத்து மணிக்கே டியூப்லைட் போடணுமா?

சுவர் எழும்பின பிறகு இதற்குப் பதில் தெரிந்தால், இடித்துத்தான் கட்டணும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே பதில் சொல்ல இப்போது சாஃப்ட்வேர்கள் வந்துவிட்டன. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தால், எந்த மூலையில் எந்த மாதம், எந்த மணிக்கு எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கலர் கலராகப் படம் போட்டுக் காட்டிவிடும்.

இந்தக் கணக்கின் வேர்களைத் தேடிப் போனால், அதில் ஒன்று நட்சத்திரங்களைப் படித்த ஒரு தமிழரிடம் போய் நிற்கிறது. அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். நோபல் பரிசு வாங்கியவர் என்பது பலருக்கும் தெரியும். வெளிச்சம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்காக அவர் ஏழு ஆண்டுகள் உழைத்தது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

முதலில், சாஃப்ட்வேர் என்ன செய்கிறது?

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயிலில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். முழு நிலவின் கீழ் ஒரு லக்ஸ்கூட இருக்காது. படிக்க, எழுத, கண்ணை வருத்தாமல் வேலை பார்க்கப் பொதுவாக 300 லக்ஸ் என்பதை ஒரு அளவாக வைத்துக்கொள்கிறார்கள். நெசவு மாதிரி நுணுக்கமான வேலைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

சாஃப்ட்வேருக்கு நாம் கொடுக்க வேண்டியது நான்கு விஷயங்கள். கட்டடத்தின் வடிவம், சுவர், தரை, கண்ணாடி ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்ற கணக்கு, அந்த ஊரின் வானிலைப் பதிவு, உள்ளே மாட்டப்போகும் விளக்குகளின் விவரம். வானிலைப் பதிவில் ஆண்டின் 8,760 மணி நேரமும் தனித்தனியாக இருக்கும். எல்இடி விளக்கு என்றால், அது எந்தப் பக்கம் எவ்வளவு ஒளியை வீசும் என்ற ஃபைலை அதைத் தயாரிக்கும் கம்பெனியே கொடுத்துவிடும்.

ஜன்னல் வழியாக நேராக வரும் ஒளியைக் கணக்கிடுவது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒளி தரையில் பட்டுக் கூரைக்குப் போகும். கூரையில் பட்டுச் சுவருக்குப் போகும். அங்கிருந்து திரும்பவும் தரைக்கே வரும். வெள்ளைச் சுவர், தன் மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைப்போம். மூன்று முறை பட்டுத் திரும்பினாலும் 34 சதவீதம் மிச்சம் இருக்கும். 30 சதவீதம் மட்டுமே திருப்பும் அடர்நிறச் சுவர் என்றால், அதே மூன்று திருப்பத்தில் 3 சதவீதம்கூடத் தேறாது. கலர் மாற்றினாலே அறை இருட்டாவது இதனால்தான்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. இந்தச் சுவர் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று தெரிய, எதிர்ச் சுவரின் பிரகாசம் தெரியணும். எதிர்ச் சுவரைக் கணக்கிட இந்தச் சுவரின் பிரகாசம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சந்திரசேகர் மாட்டிக்கொண்டதும் இதே மாதிரி ஒரு சுழலில்தான். ஆனால் அவர் பார்த்தது அறையை அல்ல, நட்சத்திரங்களின் வளிமண்டலத்தை.

யார் இந்த சந்திரசேகர்?

பிறந்தது 1910 அக்டோபர் 19, அன்றைய ஒருங்கிணைந்த இந்தியாவின் லாகூரில். அப்பா சி. சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது, ஆண்களில் மூத்தவர். அம்மா சீதாலட்சுமி, நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

லாகூரில் பிறந்தாலும் குடும்பத்தின் பூர்வீகம் காவிரிக் கரைதான். முன்னோர்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் விவசாயம் பார்த்தவர்கள். தாத்தா சந்திரசேகர அய்யர் பள்ளிப் படிப்பு படித்தது தாராசுரத்தை ஒட்டியிருக்கும் கும்பகோணத்தில். பிறகு திருச்சியில் படித்து, விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் போனார். வயலை நம்பி இருந்த குடும்பம் படிப்பை நோக்கித் திரும்பியது அந்தத் தலைமுறையில்தான். பேரனுக்கு வைத்ததும் தாத்தாவின் பெயர்தான்.

அந்தத் தாத்தாவின் இன்னொரு மகன் சர் சி.வி. ராமன். அதாவது சந்திரசேகருக்குச் சித்தப்பா. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதில் தொடங்கி, ஒளிச் சிதறலை ஆராய்ந்து 1930ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒளி என்பது அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு மாதிரி.

1918ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 12 வயது வரை வீட்டிலேயே பாடம். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அதன் பிறகு பிரசிடென்சி கல்லூரி. மகன் அரசு வேலைக்குப் போகணும் என்பது அப்பாவின் ஆசை. பையனின் மனசு முழுக்கக் கணக்கிலும் இயற்பியலிலும் இருந்தது. கல்லூரி முடிக்கும் முன்பே அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது.

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31. இந்திய அரசின் உதவித்தொகையுடன் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். போகும் இடம் கேம்பிரிட்ஜ். வயது 19. வீட்டில் அம்மா உடல்நிலை மோசமாக இருந்த நேரம். அடுத்த ஆண்டே அம்மா இறந்துபோனார். மகனால் கடைசியாக முகம் பார்க்க முடியவில்லை.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' என்ற சின்ன, கனமான நட்சத்திரமாக அடங்கிவிடும் என்று அப்போது நம்பினார்கள். எல்லா நட்சத்திரமும் அப்படி அடங்காது என்றது சந்திரசேகரின் கணக்கு. எடைக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. இன்று நாம் வைத்திருக்கும் மதிப்பின்படி, அது சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது, இன்னும் சுருங்கிக்கொண்டே போகும். கருந்துளை என்று இன்று நாம் பேசும் விஷயத்துக்கு வழி திறந்த கணக்குகளில் இது ஒன்று.

1935 ஜனவரி 11: என்ன நடந்தது?

லண்டனில் ராயல் வானியல் சங்கத்தின் கூட்டம். 24 வயது சந்திரசேகர் தன் முடிவை விளக்கினார். அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்தில் உலகின் பெரிய வானியலாளர்களில் ஒருவர். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்தவரும் அவர்தான். தான் என்ன பேசப்போகிறோம் என்று மட்டும் மூச்சுவிடவில்லை.

மேடையில் எடிங்டன் அந்த முடிவைக் கேலி செய்தார். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே தீர வேண்டும் என்பது அவர் வாதம். அவை சிரித்தது. கணக்கில் எந்த வரி தப்பு என்று காட்டப்படவில்லை.

நீல்ஸ் போர், பவுலி மாதிரி பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். எடிங்டனை எதிர்த்துப் பொதுவெளியில் பேசத்தான் யாரும் முன்வரவில்லை. கணக்கு சரியாக இருந்தும், சொன்ன ஆள் சின்னவர் என்பதால் எடுபடவில்லை.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டையை இழுத்துக்கொண்டே இருக்கவில்லை. அதுவரை செய்ததையெல்லாம் 1939ல் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, அந்தத் துறையிலிருந்து நகர்ந்துவிட்டார். அதன் பிறகு இதுவே அவருடைய பழக்கமாகிவிட்டது. ஒரு துறையை எடுப்பார். சில ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார். அடிமுதல் நுனிவரை ஒழுங்குபடுத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதுவார். அடுத்த துறைக்குப் போய்விடுவார்.

அமெரிக்காவில் புது வாழ்க்கை

1936ல் இந்தியா வந்து லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். லலிதாவும் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1937ல் இருவரும் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. அது விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்ற சின்ன ஊரில் இருந்தது.

தோல் நிறம் அங்கேயும் குறுக்கே வந்தது. சிகாகோ வளாகத்தில் அவர் வகுப்பு எடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு மூத்த நிர்வாகி எதிர்ப்புத் தெரிவித்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதைத் தள்ளிவிட்டு, சந்திரசேகர் பாடம் நடத்துவார் என்று முடிவு சொன்னார். கடைசி வரை அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு சந்திரசேகர் போகவில்லை.

வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது எப்போது?

1943 வாக்கில். அப்போது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, கதிர்வீச்சுப் பரிமாற்றம். பெயர்தான் பெரிசு. விஷயம் வீட்டு வரவு-செலவு நோட்டு மாதிரிதான்.

ஒரு ஒளிக்கற்றை வாயுவுக்குள் போகிறது. வழியில் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. கொஞ்சம் வேறு பக்கம் சிதறிப்போகிறது. இதெல்லாம் செலவு. அந்த வாயுவே கொஞ்சம் ஒளியைக் கொடுக்கிறது. மற்ற திசைகளில் போய்க்கொண்டிருந்த ஒளியும் சிதறி இந்தக் கற்றையில் வந்து சேர்கிறது. இது வரவு. வரவில் செலவைக் கழித்தால், கற்றை எவ்வளவு பலமாக வெளியே வரும் என்று தெரிந்துவிடும்.

சொல்ல சுலபம். ஆனால் மற்ற திசைகளிலிருந்து வந்து சேரும் அந்த ஒளி இருக்கிறதே, அதற்கும் தனியாக ஒரு வரவு-செலவு உண்டு. அந்தக் கணக்கில் நம்ம கற்றையும் ஒரு வரி. எல்லாக் கணக்கும் ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நிற்கும். இதுதான் மேலே அறைச் சுவர்களில் பார்த்த அதே சுழல்.

சந்திரசேகர் இதை உடைத்த வழிகளில் ஒன்று இப்படி. ஒளி எண்ணற்ற திசைகளில் போகிறது. எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் முடியாது. கவனமாகத் தேர்ந்தெடுத்த சில திசைகளில் மட்டும் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சரியான எடை கொடுத்துக் கூட்டினால், விடை உண்மைக்கு மிக அருகில் வந்துவிடும். இத்தாலிய இயற்பியலாளர் விக் தொடங்கிவைத்த இந்த யோசனையை சந்திரசேகர் முழு முறையாக வளர்த்தெடுத்தார். சோவியத் வானியலாளர் அம்பர்த்சுமியனின் இன்னொரு யோசனையையும் சேர்த்துக்கொண்டு, பல சிக்கல்களுக்குத் துல்லியமான விடையே கண்டுபிடித்தார்.

1950ல் 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' என்ற புத்தகம் வந்தது. இந்த ஏழு ஆண்டு வேலை தனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

வானம் தரும் வெளிச்சம்

நம்ம அறைக்குள் வரும் பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதி நேரடி வெயில் அல்ல. வானத்திலிருந்து வரும் ஒளி. சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுவதால் வானம் முழுக்க ஒரு பெரிய விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. நீல ஒளி அதிகம் சிதறும் என்பதை 1871லேயே ஆங்கிலேய விஞ்ஞானி ரேலி விளக்கிவிட்டார். ஆனால் ஒரு முறை சிதறிய ஒளி திரும்பத் திரும்பச் சிதறுமே, அதைச் சேர்த்த முழுக் கணக்கு யாரிடமும் இல்லை.

1940களில் சந்திரசேகர் அதைத் தீர்த்தார். கணக்கு சரிதானா என்று சோதிக்க வானத்திலேயே ஒரு சாட்சி இருந்தது. வானத்து ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். போலராய்டு கூலிங் கிளாஸைத் திருப்பித் திருப்பி வானத்தைப் பார்த்தால் பிரகாசம் மாறுவது இதனால்தான். ஆனால் சூரியனுக்கு மேலேயும் கீழேயும், சூரியனுக்கு எதிர்த்திசையிலும் சில புள்ளிகளில் மட்டும் இந்த விளைவு இருக்காது. 19ஆம் நூற்றாண்டிலேயே அரகோ, பாபினே, ப்ரூஸ்டர் என்ற மூன்று பேர் இவற்றைப் பார்த்துப் பதிவு செய்திருந்தார்கள். சந்திரசேகரின் கணக்கிலிருந்து அந்தப் புள்ளிகள் தாமாகவே வந்து விழுந்தன.

இந்த விடைகளை எண்களாக மாற்றியதில் இன்னொருவரின் உழைப்பும் இருக்கிறது. டோனா எல்பர்ட். 1948ல் யெர்க்ஸில் கணக்கு போடும் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். இன்றைய கம்ப்யூட்டர் இல்லாத காலம். மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எண்களை நிரப்புவார். சுமார் 30 ஆண்டுகள் சந்திரசேகரோடு வேலை பார்த்தார். வெயில் அடிக்கும் வானத்தின் எந்தப் பகுதி எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்ற ஆய்வுக் கட்டுரை 1954ல் இருவர் பெயரிலும் வந்தது.

நட்சத்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது எப்படி?

1980களில் கம்ப்யூட்டரில் படம் வரைபவர்களுக்கு ஒரு தலைவலி. மேகம், மூடுபனி, தூசி இதையெல்லாம் நிஜம் போலக் காட்ட முடியவில்லை. ஒளி அதற்குள் எப்படிச் சிதறுகிறது என்று தெரிந்தால்தானே வரைய முடியும்? தேடிப்போனவர்கள் கையில் கிடைத்தது 1950ல் வந்த அந்த வானியல் புத்தகம். ஜிம் பிளின் என்ற கம்ப்யூட்டர் வரைகலை நிபுணர் 1982லும், கஜியா, வான் ஹெர்சன் இருவரும் 1984லும் வெளியிட்ட கட்டுரைகள் சந்திரசேகரின் கதிர்வீச்சுக் கணக்கை அடித்தளமாக எடுத்துக்கொண்டன.

1986ல் கஜியா, ஒரு காட்சியில் ஒளி பரவுவதை ஒரே சமன்பாட்டில் எழுதினார். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, அந்தப் புள்ளி தானே தருவதும், மற்ற எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வந்து திரும்புவதும் சேர்ந்ததுதான் என்பது அதன் சாரம். அதே வரவு-செலவு நோட்டு. அறைக்குள் இருக்கும் காற்று ஒளியை அவ்வளவாகச் சிதறடிக்காது. அதனால் வாயுவை விட்டுவிட்டு, சுவர், தரை, கூரையை மட்டும் கணக்கில் வைத்தால் போதும்.

அதே காலகட்டத்தில் கலிபோர்னியாவில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு என்பவர் 'ரேடியன்ஸ்' என்ற சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கினார். கண் இருக்கும் இடத்திலிருந்து கதிர்களைப் பின்னோக்கி அனுப்பி, அவை எந்தச் சுவரில் பட்டு, எந்த ஜன்னல் வழியாக வானத்தைத் தொடுகின்றன என்று பார்ப்பது அதன் முறை. எல்லாத் திசையிலும் அனுப்ப முடியாது. தேர்ந்தெடுத்த கதிர்களை அனுப்பி, எடை போட்டுக் கூட்டும். இன்று பல நாடுகளில் கட்டட வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் பகல் வெளிச்ச சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்கும் உள்ளே ஓடுவது இதுதான். இலவசமாகவே கிடைக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். சந்திரசேகர் கட்டடத்துக்காக எதையும் எழுதவில்லை. சாஃப்ட்வேர்கள் வைத்திருக்கும் வானத்தின் மாதிரியும் பெரும்பாலும் நேரடி அளவீடுகளிலிருந்து உருவானது. ஆனால் ஒளி திரும்பத் திரும்பப் பட்டுச் சிதறும் சுழலைக் கணக்கால் அவிழ்க்க முடியும் என்று செய்து காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

தாராசுரத்தில் இதனால் என்ன பயன்?

தாராசுரம் இருப்பது வடக்கே கிட்டத்தட்ட 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களில் நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும். ஜூன் 21ல் சூரியன் உச்சியிலிருந்து 12 டிகிரிக்கும் மேல் வடக்கே சாய்ந்திருக்கும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பது ஐரோப்பியப் புத்தகங்களில் இருக்கும் பாடம். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தப்பாகிவிடும். சாஃப்ட்வேரில் ஊரின் அட்சரேகையைக் கொடுத்துவிட்டால் இந்த வித்தியாசத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் வானத்தை மூடியிருக்கும் நாட்களும் கணக்கில் சேரும். முழுக்க மேகம் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும் என்று 1942லேயே வகுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பக்கவாட்டு ஜன்னலைவிட மேலே திறந்த முற்றம் அதிக வெளிச்சம் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முற்றம் வைத்துக் கட்டிய பழைய டெல்டா வீடுகள் அனுபவத்தில் கண்டதை இந்த எண்கள் உறுதி செய்கின்றன.

இந்தியத் தர நிர்ணயத்திலும் இதற்கு அளவு உண்டு. வெளியே திறந்த வானம் 8,000 லக்ஸ் தருவதாக எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் அறைக்குள் வருகிறது என்று பார்ப்பார்கள். ஒரு சதவீதம் என்றால் 80 லக்ஸ். தறி மேல் 300 லக்ஸ் வேண்டும் என்றால், கிட்டத்தட்ட நான்கு சதவீதம் வந்தாக வேண்டும். ஜன்னலை ஒரு அடி நகர்த்தினால், சுவரை வெள்ளையாக்கினால், அது நான்கைத் தொடுமா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். மீதிக்கு எத்தனை விளக்கு, எந்த இடத்தில் என்பதையும் அதே சாஃப்ட்வேர் சொல்லும். மாதா மாதம் வரும் கரண்ட் பில்லிலும், வருஷக்கணக்கில் இழையைப் பார்த்துப் பார்த்து உழைக்கும் கண்ணிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

ஐராவதேஸ்வரர் கோயில் மாதிரியான இடங்களுக்கும் இது பொருந்தும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய கோயில் அது. 2004ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே மண்டபத்தில் மங்கலான வெளிச்சம். இப்படிப்பட்ட இடத்தில் புது விளக்கு வைப்பதற்கு முன், சிற்பத்தின் மேல் எவ்வளவு ஒளி விழும், நிழல் எந்தப் பக்கம் போகும் என்று கல்லில் ஒரு ஆணிகூட அடிக்காமல் பார்த்துவிட முடியும்.

கடைசி வரை கணக்கு

ஒளி வேலையை முடித்த சந்திரசேகர், வழக்கம்போல அடுத்த துறைக்குப் போய்விட்டார். 1952 முதல் 1971 வரை 'ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' ஆய்விதழின் ஆசிரியராக இருந்து, அதை உலகின் முன்னணி இதழாக வளர்த்தார். 1968ல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது கொடுத்தது.

தன்னைக் கேலி செய்த எடிங்டன் மீது அவர் காழ்ப்பு வளர்க்கவில்லை. எடிங்டனின் நூற்றாண்டையொட்டி கேம்பிரிட்ஜில் உரை நிகழ்த்தினார். 1983ல் புத்தகமாக வந்த அந்த உரைகளின் தலைப்பிலேயே, எடிங்டனை அவர் காலத்தின் தலைசிறந்த வான் இயற்பியலாளர் என்று குறிப்பிட்டார்.

அதே 1983ல், அவருடைய 73வது பிறந்தநாள் அன்று நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. வில்லியம் ஃபவுலரோடு பகிர்ந்துகொண்டார். நட்சத்திரங்களின் அமைப்பு, பரிணாமம் பற்றிய ஆய்வுகளுக்காகக் கிடைத்த பரிசு அது. கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.

80 வயதைத் தாண்டிய பிறகும் ஓயவில்லை. நியூட்டனின் 'பிரின்சிபியா' புத்தகத்தைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அது 1995ல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21ல் சிகாகோவில் மாரடைப்பால் காலமானார். மனைவி லலிதா 2013 வரை வாழ்ந்தார்.

நட்சத்திரங்களின் எடை வரம்புக்கு சந்திரசேகர் வரம்பு என்று பெயர். 1999ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு, நண்பர்கள் அவரை அழைத்த செல்லப் பெயரான சந்திரா என்று பெயர் வைத்தார்கள். ஒளிக் கணக்கில் அவர் பயன்படுத்திய சில சார்புகளுக்கும் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் உண்டு. பகல் வெளிச்ச சாஃப்ட்வேரின் மெனுவில் மட்டும் அந்தப் பெயர் எங்கேயும் இருக்காது.